மாமாவின்ரை சுருட்டும் மருமோளின்ரை விக்கலும்

என்ரை சீவியத்திலை எனக்குக் கிடைச்ச ஒரேயொரு உத்தியோகம் கதைக்கிற உத்தியோகம். பகிடிக்குச் சொல்லேல்லை. முதல் அந்தக் கிளினிக்குக்கு நான் கூட்டித் துடைக்கத்தான் போனனான். பிறகு வெள்ளைக்கார டொக்டர் அம்மா, விளக்குமாத்தை மூலையிலை வைச்சிட்டு வந்து மர வாங்கிலை இருந்து பிள்ளைத்தாச்சியளோடை கதை எண்டு சொல்லிப்போட்டா. அதுக்குச் சாமானும் தந்தவை. மாவும் பருப்பும். இவ்வளவு வருசமா வீட்டிலை உந்தக் கதையைச் சும்மா செய்துகொண்டிருந்தவளெண்டு மனுசனுக்குச் சரியான கவலை.

முல்லைத்தீவுக் கரையிலையிருந்து எழும்பி வந்து தண்ணீரூற்றுப் பக்கத்திலை கொட்டில் போட்டு இருந்த காலம் அது. கடற்கரைச் சனத்துக்குக் கடல் தெரியாத இடத்திலை இருக்கிறது பெரிய கரைச்சல். காலமை எழும்பினால் எந்தப் பக்கம் பாக்கிறதெண்டு தெரியாது. ஆம்பிளையள் களப்புக்கரையிலை வாடி போட்டு மீன் தொழிலுக்குப் போய் வருவினம். வாடியெண்டால் கரையிலை வலையும் ஆக்களும் தங்கிற கொட்டில். பெண்டுகள் நாங்கள் இஞ்சாலை அடுப்பு மூட்டிக்கொண்டு இருப்பம். சண்டையாலை பாதை பூட்டு, சாமான் வராது. சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, நெருப்புப் பெட்டி இல்லை. சுருட்டு மட்டும் எப்பிடியோ வந்துகொண்டிருந்தது. அது எந்தப் பாதையாலை வந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

கிளினிக், கோயில் வளவுக்கை ஒரு கிடுகுக் கொட்டில். டொக்டர் அம்மா இங்கிலிசிலை கேப்பா. அதைத் தமிழிலை சொல்ல ஒரு மாஸ்டர். பென்சன் எடுத்த மனுசன், சேட்டுக்கு மேல்பொத்தானும் பூட்டுவார். பிள்ளைத்தாச்சியளிட்டைக் கேக்கிறதிலை ஒரு கேள்வி, சுருட்டு, சிகரெட் பத்திறனியளோ எண்டது. மாஸ்டர் அதை முகட்டைப் பாத்துக்கொண்டுதான் கேப்பார்.

"தாங்கள் புகைத்தல் பழக்கம் உடையவரோ?"

"இல்லை ஐயா."

"இல்லையாம்," எண்டு இங்கிலிசிலை சொல்லுவார். அடுத்த ஆளும் இல்லை. அதுக்கடுத்த ஆளும் இல்லை. டொக்டர் அம்மாவுக்கு முதலிலை நல்ல சந்தோசம். இப்பிடி ஒரு ஊர் தான் காணேல்லையாம். ஆனால் அந்த அம்மாவுக்கு மூக்கு நல்ல மூக்கு. ஒருநாள் ஒரு பிள்ளைத்தாச்சி எழும்பிப் போனாப்பிறகு, அவள் இருந்த கதிரைக்குக் கிட்டக் குனிஞ்சு மணந்து பாத்திட்டு என்னைப் பாத்தா. நான் கூட்டிக்கொண்டு நிண்டனான்.

"ஏன் ஒருத்தரும் சொல்லுகினமில்லை எண்டு கேக்கிறா," எண்டார் மாஸ்டர்.

"கேக்கிறது ஆம்பிளை. அதிலையும் வாத்தியார். அதிலையும் முகட்டைப் பாத்துக் கேக்கிறியள். முகடு பத்தாதெண்டுதான் அவளவை சொல்லுகினம்."

மாஸ்டர் உதை எப்பிடிச் சொன்னாரோ தெரியாது. டொக்டர் அம்மா சிரிச்சா. அண்டைக்குத்தான் எனக்கு உத்தியோகம் வந்தது. மாஸ்டருக்கு அதிலை என்னை விடச் சந்தோசம்.

எங்கடை கரையிலை பொம்பிளையள் பத்திறதில்லை. இதை நான் டொக்டர் அம்மாவுக்கும் சொன்னனான். பத்திறதில்லை, மூட்டிக் குடுக்கிறது. தேப்பன் சாய்மனைக் கதிரையிலை இருந்துகொண்டு "பிள்ளை, சுருட்டு" எண்டு நீட்டுவார். பிள்ளை அதைக் குசினிக்குக் கொண்டுபோய், தணலிலை நுனியை வைச்சு, வாயிலை வைச்சு இழுத்து இழுத்து, சுத்திவர வடிவாப் பத்தினாப்பிறகு கொண்டந்து குடுக்கும். நெருப்புப் பெட்டி இருந்த காலத்திலையே அப்பிடித்தான். இல்லாத காலத்திலை கேக்கவே தேவையில்லை. அரைகுறையாப் பத்தினால் சுருட்டு நூந்து அணைஞ்சுபோம், திரும்பிக் குசினிக்கு வரும். ஏச்சும் கூட வரும். அதாலை நல்ல வளப்பு வளந்த பிள்ளையெண்டால் நல்லா இழுத்துத்தான் குடுக்கும். கலியாணம் கட்டினால் தேப்பன்ரை இடத்திலை மாமன். அடுப்புத்தான் வேறை.

இப்பிடி மூட்டி மூட்டி ஒருநாள், ஒருத்தரும் கேக்காமலே ஒண்டை மூட்டவேண்டி வரும். அதுக்கும் பத்திறதெண்டு பேரில்லை. மூட்டினது, குடுக்க ஆள் இல்லாமல் போச்சு, அவ்வளவுதான்.

எங்கடை கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டிலிலை ஒரு பிள்ளை இருந்தவள். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் குறைவு. புருசன் தொழிலுக்குப் போய் வாடியிலைதான் தங்கிறவன். வீட்டிலை மாமன். மாமி இவள் கலியாணம் கட்டி வரமுந்தியே கண்ணை மூடிட்டா. மாமனெண்டால் நல்ல மனுசன். பெரிசாக் கதைக்காது. நாள் முழுக்கக் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருக்கும். இவளுக்கு முதல் பிள்ளை மாசம் நிறையமுந்திப் பிறந்து, ஒருநாள் இருந்திட்டுப் போட்டுது. என்ரை உள்ளங்கையிலும் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதுக்குப் பெட்டி செய்யப் பலகை எடுக்க வழியில்லை. கிழவர் தன்ரை பழைய வள்ளத்தின்ரை முன்பக்க அணியப் பலகையைக் கழட்டி, தானே அளந்து தானே அறைஞ்சு முடிச்சார். ஒருத்தரையும் கை வைக்க விடேல்லை. அதுக்குப் பிறகு கனநாளா அந்த மனுசன்ரை வாயிலை இருந்து வந்தது ஒரு சொல்லுத்தான். "பிள்ளை, சுருட்டு."

இவளும் மூட்டி மூட்டிக் குடுத்தாள். அதைவிட வேறை என்ன ஆறுதல் அந்த மனுசனுக்குக் குடுக்கிறது.

இப்ப ரெண்டாவது வயித்திலை. வயிறு தெரியத் தொடங்கினாப்பிறகு கிளினிக்குக்கு வந்தாள். வாங்கிலை எனக்குப் பக்கத்திலை இருத்தினன். மாஸ்டரை வெளியிலை அனுப்பினன்.

"பிள்ளை, நீ சுருட்டுப் பத்திறனியோ?"

"சீ. என்ன பெரியம்மா கேக்கிறியள்."

"மாமாவுக்கு மூட்டிக் குடுக்கிறனி?"

"அது குடுக்கத்தானே வேணும்."

"எவ்வளவுக்கு இழுப்பாய்?"

"பத்துமட்டும்."

"பத்தினாப்பிறகு?"

காலாலை நிலத்தைக் கிளறினாள். "வடிவாப் பத்திட்டுதோ எண்டு பாக்க இன்னும் கொஞ்சம்."

"மாமா வெளியிலை போனால்?"

"வந்து கேப்பாரெண்டு ஒண்டு மூட்டி வைக்கிறனான்."

"அவர் வரச் சுணங்கினால்?"

"நூந்துபோமெல்லே பெரியம்மா. சாமான் இல்லாத காலத்திலை வீணாக்கலாமே."

"அப்ப நீ வீணாக்கிறேல்லை."

"இல்லை," எண்டாள். சொல்லிப்போட்டு என்னைப் பாத்தாள். நான் கன்னத்துக் கொடுப்புக்கை சிரிச்சதைக் கண்டிட்டு அவளும் சிரிச்சாள். பிறகு சிரிச்சபடியே அழுதாள்.

டொக்டர் அம்மா எல்லாத்தையும் கேட்டா. சுருட்டுப் புகை உள்ளுக்கை போனால் பிள்ளை வளராதாம், சின்னனாப் பிறக்குமாம், நாள் முந்தியும் பிறக்குமாம். இவள் கேட்டாள், அப்ப முதல் பிள்ளை? டொக்டர் அம்மா ஏதோ சொன்னா. மாஸ்டர் அதைத் தமிழாக்கினார்.

"அதனால் ஆகவும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம்."

இவ்வளவு படிச்ச ரெண்டுபேர் சேந்து சொன்ன மறுமொழி அது. ஆனால் பொய் சொல்லேல்லை. அதை நான் பிறகு யோசிச்சனான்.

முதல் கதைதானாம், மருந்து பிறகாம். கதைக்கிறதுக்கும் டொக்டர் அம்மா எனக்குப் பாடம் சொல்லித் தந்தா. ஏசக்கூடாது. வெருட்டக்கூடாது. எப்ப எப்ப மனம் கேக்குது எண்டு விசாரிக்கவேணும். மனம் கேக்கிற நேரம் வேறை என்ன செய்யலாமெண்டு அவளையே சொல்ல விடவேணும். ஏசாமல், வெருட்டாமல், மற்ற ஆளைக் கதைக்க விட்டிட்டு இருக்கிறதெண்டால் எங்கடை ஊரிலை அதுக்குக் கதைக்கிறதெண்டு பேரில்லை. ஆனாலும் மாவும் பருப்பும் வாங்கிறன், பாடுபட்டுப் பழகினன்.

வாயிலை வைக்காமல் எப்பிடி மூட்டிறது எண்டதுதான் முதல் வில்லங்கம். ஊதுகுழலாலை தணலை ஊதி, சுருட்டை அதிலை பிடிச்சுப் பாரெண்டு சொன்னன். செய்தாள். அடுத்தநாள் கிழவர் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம்.

"என்ன பிள்ளை, இண்டைக்குச் சுருட்டு ஒரு பக்கத்தாலை போகுது."

அவ்வளவுதான் சொன்னவர். ஏசவுமில்லை. ஆனால் இவள் திரும்பக் கொண்டுபோய் ஒழுங்கா இழுத்துக் குடுத்திட்டாள். பிறகு குசினிக்கை இருந்து, விட்ட குறைக்கும் சேத்து ஒண்டு. ஒண்டுமே மூட்டாமல் இருந்து பாத்த நாளிலை கோழியை ஏசினாள், சட்டியை ஏசினாள், வளவுக்கை நிண்ட வேப்பமரத்தையும் ஏசினாள். அது என்ன செய்தது பாவம்.

அதுக்குப் பிறகுதான் டொக்டர் அம்மா ஒரு சின்னப் பெட்டி எடுத்தா. சுவிங்கம். பிள்ளைத்தாச்சியளுக்கு லேசிலை குடுக்கிற சாமான் இல்லையாம். ஆனால் இவள் இழுக்கிற புகைக்கு இது எவ்வளவோ குறைஞ்ச கெடுதியாம். போயிலையிலை மனுசரைப் பிடிச்சு வைச்சிருக்கிற சத்து மட்டும் இதுக்கை கொஞ்சம் இருக்காம். புகை இல்லை. மனம் கேக்கிற நேரம் ஒண்டைச் சப்பினால் அந்த விசர் அடங்கும், பிறகு பையப்பையக் குறைச்சுக்கொண்டு போகலாமாம்.

சப்பிறதுக்கும் முறை இருந்தது. மாஸ்டர் எழும்பி நிண்டு சொன்னார். "மெதுவாக மென்று, காரம் தோன்றியதும் கன்னத்தினுள் ஒதுக்கி வைத்திருத்தல் வேண்டும்."

இவள் என்னைப் பாத்தாள்.

"வெத்திலையை அடக்கிறமாதிரிக் கொடுப்புக்கை அடக்கு," எண்டன்.

"அதுதானே," எண்டாள்.

போகேக்கை என்ரை கையைப் பிடிச்சாள். "பெரியம்மா, மாமாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

"ஏன், மருந்துதானே."

"ஏன் மருந்தெண்டு கேப்பார். சுருட்டாலையெண்டு சொல்லவேணும். ஆற்றை சுருட்டெண்டு யோசிப்பார். பிறகு தான் பிள்ளைக்கு அறைஞ்ச அந்தப் பெட்டியை யோசிப்பார்."

சொல்லமாட்டன் எண்டு கையிலை அடிச்சுக் குடுத்தன். 

அப்ப என்ன செய்தாளெண்டால், ஒளிச்சுச் சப்பினாள். மாமனுக்கு முன்னாலை ஆடு மாதிரி அசைபோட்டுக்கொண்டு நிக்கேலாது. குசினிக்கை போய் அடுப்புக்கு முன்னாலை குந்தி, அவர் அடுத்த சுருட்டுக் கேக்கமுந்தி அவசரம் அவசரமாச் சப்பினாள். வெத்திலையெண்டால் சாறைத் துப்பலாம். இது மருந்து, மருந்தைத் துப்பலாமோ. முழுக்க விழுங்கினாள். நானும் துப்பாதையெண்டுதான் சொல்லியிருப்பன். சாமான் இல்லாத காலத்திலை வேறை எப்பிடிச் சொல்லுறது.

அதோடை விக்கல் தொடங்கிச்சு.

முதல் விக்கல் கோயிலிலை, செபமாலை சொல்லேக்கை. எல்லாரும் முழந்தாளிலை நிக்கிறம். "அருள் நிறைந்த மரியே" எண்டால், விக். "வாழ்க" எண்டால், விக். பின்னாலை நிண்ட பெண்டுகள் தோளைத் தட்டினவை. "வாடியிலை ஒருத்தன் நினைக்கிறான் போலை." எங்கடை பக்கத்திலை விக்கலெண்டால் ஆரோ நினைக்கினம் எண்டதுதான். நினைக்கிற ஆளின்ரை பேரைச் சரியாச் சொன்னால் விக்கல் நிண்டுபோம். இவள் தலையைக் குனிஞ்சுகொண்டு புருசன்ரை பேரைச் சொன்னாள். நிக்கேல்லை. "பேர் சொல்லியும் விடாமல் நினைக்கிறான்," எண்டு முடிச்சினம்.

நல்ல சாட்டு. நான் அதைக் குழப்பேல்லை. காலமை விக்கும், மத்தியானம் விக்கும், பொழுதுபடவும் விக்கும். கிழவர் வலை பொத்திறதை விட்டிட்டுக் குசினிப் பக்கம் காதைக் குடுத்து, முகத்திலை காட்டாமல் சந்தோசப்படுவார். தன்ரை பொடியன் இவ்வளவு பாசக்காரன் எண்டு அவருக்கே தெரியாதாம். ஊரிலையும் அவனுக்குப் பேர் வந்திட்டுது. மற்றப் பெண்டுகள் வாடியிலையிருந்து வந்த புருசன்மாரைப் பிடிச்சு, உன்னைக் கட்டி இவ்வளவு வருசம், எனக்கு எண்டைக்காவது விக்கினதோ எண்டு கேட்டுச் சண்டை. ஒரு வீட்டிலை ரெண்டுநாள் உலை வைக்கேல்லை.

விக்கினாலும் சுருட்டுக் குறைஞ்சது. கிழவருக்கு மூட்டேக்கை மட்டும்தான். அதிலையும் புகையை உள்ளுக்கை விடாமல் துப்பப் பழகினாள். முகம் தெளிஞ்சுது. டொக்டர் அம்மா வயித்தைத் தொட்டுப் பாத்து, பிள்ளை வளருதெண்டா.

மாரி தொடங்கிச்சு. காத்துத் திரும்பி, தொழில் இல்லாமல், ஆம்பிளையள் வாடியைப் பிரிச்சுக்கொண்டு வீட்டை வந்திட்டினம். இவளின்ரை புருசனும் வந்தான். கொட்டிலுக்கை இருந்து சோத்திலை கையை வைக்கிறான், குசினித் தட்டிக்கு அங்காலை, விக்.

கையை எடுத்தானாம். "நான் இஞ்சை இருக்கிறன். உன்னை ஆர் நினைக்கினம்?"

"அம்மாவாக்கும்," எண்டிருக்கிறாள். தாய் மன்னார்ப் பக்கம் இருந்தவ.

பொழுதுபடத் திரும்பியும் விக்.

"கொம்மாவுக்கு வேறை வேலையில்லையோ?"

அடுத்தநாள் காலமை விக். அவன் எழும்பிப் போய், கவுத்து வைச்சிருந்த வள்ளத்துக்குக் கீழை படுத்தான். மழை பெய்யப் பெய்யப் படுத்தான். விசரனில்லை அவன், நல்ல பொடியன்தான். ஆனால் ஊர் முழுக்க, நீ இல்லாத நேரம் முழுக்க அவளுக்கு விக்கினது எண்டு சொல்லிச் சொல்லிப் புழுகினதல்லோ. அவன் வாடியிலை தான் என்ன நினைச்சனெண்டு யோசிச்சுப் பாத்திருக்கிறான். வலையை, மீனை, நித்திரையைத் தவிர ஒண்டும் நினைக்கேல்லை. அப்ப இவ்வளவு விக்கலும் ஆற்றை விக்கல்?

என்னட்டையும் வந்தான். கிளினிக் வாசலிலை நனைஞ்சுகொண்டு நிண்டான்.

"பெரியம்மா, இவளை ஆர் நினைக்கினம்?"

"நான்தான் தம்பி. எனக்கு அதுக்குத்தான் மாவும் பருப்பும் தருகினம்."

அவன் சிரிக்கேல்லை. எனக்கும் பிறகு சிரிப்பு வரேல்லை.

ஏனெண்டால் அண்டைக்குப் பின்னேரம் அவளின்ரை குசினியிலை புகை. அடுப்பிலை சட்டி இல்லை. போய் எட்டிப் பாத்தன். குந்திக்கொண்டு இருந்து இழுக்கிறாள், வயித்திலை ஒரு கை.

"சுவிங்கம் எங்கை பிள்ளை?"

"அதை விட்டிட்டன் பெரியம்மா. இது விக்காது."

ஏசக்கூடாது. வெருட்டக்கூடாது. பக்கத்திலை குந்தினன். அவள் அதை முடிக்குமட்டும் குந்தியிருந்தன். என்ரை உத்தியோகத்திலை அதிலும் பெரிய பாடு நான் படேல்லை.

"பிள்ளையோ மனுசனோ எண்டு வந்திட்டுது," எண்டாள். "சுவிங்கத்தைச் சப்பினால் இவர் இல்லை. இதைப் பத்தினால் பிள்ளை இல்லை."

"உண்மையைச் சொன்னால்?"

"மாமா இல்லை."

ஓடிப்போய் டொக்டர் அம்மாவுக்குச் சொன்னன். மாஸ்டர் மூச்சு விடாமல் தமிழை இங்கிலிசாக்கினார். டொக்டர் அம்மா கேட்டா, ஏன் விக்குது? ஆறுதலாச் சப்பினால் விக்காதே. அவசரமாச் சப்பி, சாறை விழுங்கினால்தான் விக்குமாம்.

"ஒளிச்சுச் சப்பிறாள், அதாலை அவசரம்."

"ஏன் ஒளிக்கிறா?"

முதல் பிள்ளைக்குக் கிழவர் அறைஞ்ச பெட்டிக் கதையைச் சொன்னன். மாஸ்டர் அதை இங்கிலிசிலை சொல்லேக்கை இடையிலை ஒருக்கால் நிப்பாட்டி, மேல்பொத்தானைக் கழட்டினார். டொக்டர் அம்மா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டா. பிறகு சொன்னா, நீ போய்ச் சொல்லாதை. அவள்தான் சொல்லவேணும். எப்ப சொல்லுறதெண்டும் அவள்தான். நீ போய்ப் பக்கத்திலை இரு.

அப்ப நான் கதைக்கக்கூடாதோ எண்டு கேட்டன். வேண்டாமாம். கதைக்கிற வேலையிலை அது கடைசிப் பாடம் போலை.

அடுத்தநாள் பின்னேரம் போய் இருந்தன். மழை தூறிக்கொண்டிருந்தது. கிழவர் கூரைக்குக் கீழை வலை பொத்திறார். பொடியன் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலிலை. நான் ஒரு மூலையிலை தேத்தண்ணிப் பேணியோடை, சும்மா வந்தமாதிரி. சும்மா வந்தமாதிரி இருக்கிறது எனக்கு வராது, ஆனால் இருந்தன்.

"பிள்ளை, சுருட்டு," எண்டு கிழவர் நீட்டினார்.

அவள் வந்து வாங்கினாள். வாங்கினவள் குசினிக்குப் போகேல்லை. அதிலையே நிண்டாள்.

"மாமா, நான் இனி மூட்டமாட்டன்."

கிழவர் ஊசியை நிப்பாட்டிப்போட்டு நிமிந்தார்.

"மூட்டி மூட்டி எனக்கும் பழகிட்டுது மாமா. நீங்கள் கேக்காத நேரமும் நான் பத்திறனான். அது பிள்ளைக்குக் கூடாதாம். விடுறதுக்கு ஒரு மருந்து தந்திருக்கினம். அதாலைதான் விக்கிறது. என்னை ஒருத்தரும் நினைக்கேல்லை." கடைசிச் சொல்லைப் புருசன்ரை முதுகைப் பாத்துச் சொன்னாள்.

முதுகு திரும்பினது. "என்ன மருந்து, காட்டு பாப்பம்."

கூரைக் கிடுகுக்கை செருகி வைச்சிருந்த பெட்டியை எடுத்தாள். அவன் ஒண்டை எடுத்து மணந்தான், வாயிலை போட்டான். தொழிலுக்குப் போற பொடியன்ரை பல்லு. கருவாடு சப்பிறமாதிரிச் சப்பி விழுங்கினான். நாங்கள் மூண்டுபேரும் அவன்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். கொஞ்சநேரம் ஒண்டுமில்லை. பிறகு, விக்.

"உன்னை ஆரடா நினைக்கினம்?" எண்டார் கிழவர்.

பொடியன் மறுமொழி சொல்ல வாயைத் திறந்தான், விக். இவள் சிரிக்கமுந்தி நான் பேணியை வாயிலை வைச்சிட்டன். அவனுக்கும் சிரிப்பு வந்திட்டுது. விக்கலும் சிரிப்பும் ஒண்டா வந்தால் மனுசன் படுகிற பாடு பாக்கவேணும்.

கிழவர் மட்டும் சிரிக்கேல்லை. வலையை மடியிலையிருந்து இறக்கி வைச்சார். மெல்லக் கேட்டார்.

"முதல் பிள்ளையும் உதாலையோ?"

இவள் என்னைப் பாத்தாள். அதுக்குத்தானே பக்கத்திலை இரு எண்டது.

"ஆகவும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாமாம் அண்ணை," எண்டன். "ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"உதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரி வேணுமோ."

"அவா பொய் சொல்லேல்லை அண்ணை."

"ஓம்," எண்டார். "அதுவும் சரிதான்."

எழும்பி, மருமோளின்ரை கையிலையிருந்த சுருட்டை வாங்கிக்கொண்டு குசினிக்கை குனிஞ்சு போனார். அந்த மனுசன் குசினிக்கை போனதை அதுக்கு முந்தி ஒருத்தரும் காணேல்லை. தணலைக் கிண்டிற சத்தம் கேட்டுது. இருமல் கேட்டுது. ஒரு சட்டி உருண்டுது. வெளியிலை வரேக்கை சுருட்டு ஒரு பக்கத்தாலை பத்திக்கொண்டிருந்தது. அதைப் பாத்தார், எங்களைப் பாத்தார், மழைக்கை போய் வேப்பமரத்துக்குக் கீழை நிண்டு குடிச்சு முடிச்சார். முதல் ஏச்சு, இப்ப புகை, அந்த மரத்துக்கு அந்த வருசம் கஷ்டகாலம்.

விடிய நான் கிணத்தடிக்குப் போகேக்கை, தெரு ஒழுங்கைக் கரை வேலிக்கட்டையிலை ஒரு தும்புக் கயிறு தொங்குது. நுனியிலை நெருப்பு, மெல்லக் கனியுது. மேலை மழை படாமல் ஒரு தகரத்துண்டு. கிழவர் பழைய வலைக்கயிறைத் திரிச்சுக் கட்டியிருக்கிறார். சுருட்டு வேணுமெண்டால் தானே எழும்பிப் போய், கயிறைப் பிடிச்சு, மூட்டிக்கொண்டு அங்காலை நிண்டு குடிப்பார். நெருப்புப் பெட்டி இல்லாத ஊர். கொஞ்சநாளிலை ஒழுங்கை ஆம்பிளையள் எல்லாரும் அந்தக் கயிறடியிலைதான். ஒருநாள் மாஸ்டரையும் கண்டன். என்னைக் கண்டவுடனை அவர் வேலிக்கட்டையை நல்லா ஆராயத் தொடங்கினார். எது எப்பிடியோ, எங்கடை ஒழுங்கையிலை பிறகு எந்தப் பிள்ளையும் ஆருக்கும் சுருட்டு மூட்டிக் குடுக்கேல்லை. நான் எத்தினையோ வாங்கிலை இருந்து கதைச்சும் நடக்காத காரியம்.

இவள் பிறகு நடுக் கொட்டிலிலை, மாமனுக்கு முன்னாலை கதிரை போட்டு இருந்து, ஆறுதலாச் சப்பினாள். விக்கல் போனது. ரெண்டொருதரம் சறுக்கினவள், இல்லையெண்டு சொல்லமாட்டன். வேலிப்பக்கம் காத்தடிச்சால் மூக்கை அந்தப் பக்கம் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். நான் போய்ப் பக்கத்திலை நிப்பன். பையப்பையச் சுவிங்கமும் குறைஞ்சது. மிஞ்சினதை டொக்டர் அம்மாட்டைத் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு கிடுகுக்கை செருகி வைச்சவள். குடுக்கப் பாத்த நேரம் பெட்டி வெறுமையாம். எலியாக்கும் எண்டு சொன்னன்.

பிள்ளை கொஞ்சம் நாள் முந்தித்தான் பிறந்தது. சின்னன்தான். ஆனால் டொக்டர் அம்மா காலிலை பிடிக்கமுந்தியே கத்தின கத்தலிலை மாஸ்டர் வெளியிலை நிண்டு, "என்ன சொல்லுறார்?" எண்டு கேட்டார். அவருக்கு எல்லாத்தையும் தமிழாக்கிற பழக்கம். ஆம்பிளைப் பிள்ளை. கையும் காலும் வடிவா உதைச்சான். அவளைப் பாத்தன், அவள் என்னைப் பாக்கேல்லை. பிள்ளையின்ரை நெஞ்சு ஏறி இறங்கிறதைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு நாள் போனது, ரெண்டு நாள் போனது, பிள்ளை பால் குடிச்சான். அதுக்குப் பிறகுதான் அவள் நித்திரை கொண்டாள்.

கிழவர் மட்டும் உள்ளுக்கை வரேல்லை. காலமை வந்து கோயில் வளவு வாசலிலை நிப்பார், பொழுதுபடப் போவார். நான் போய்க் கூப்பிட்டன்.

"வாங்கோவன் அண்ணை. பேரனைப் பாருங்கோ."

"வேண்டாம். மணக்கும்."

கிட்டப் போய் மணந்து பாத்தன். சவுக்காரம் மணந்தது. அந்தக் காலத்திலை அந்த மனுசன் எங்கை போய்ச் சவுக்காரம் எடுத்ததெண்டு கர்த்தருக்குத்தான் தெரியும். சேட்டும் தோய்ச்சது. சுருட்டு மணமே இல்லை.

"ஒண்டும் மணக்கேல்லை அண்ணை."

"இல்லையோ?" எண்டார். சொல்லி முடியேல்லை, விக்.

நான் அவரைப் பாத்தன். அவர் மதிலைப் பாத்தார். கன்னத்திலை ஏதோ ஒண்டு இந்தப் பக்கத்திலையிருந்து அந்தப் பக்கம் போச்சு. திரும்பியும், விக்.

"உங்களை ஆர் அண்ணை நினைக்கினம்?"

"உள்ளுக்கை ஒருத்தன் வந்து கிடக்கிறானெல்லே," எண்டார். "அவன்தானாக்கும்."

"ஆறுதலாச் சப்புங்கோ," எண்டன். "விழுங்காதேங்கோ. கொடுப்புக்கை அடக்குங்கோ."

அடக்கினார். விக்கல் நிக்குமட்டும் பக்கத்திலை நிண்டன். பிறகு உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போனன்.